ஒன்பதாவது நிரை

புந்தோங் சந்தையில் புஷ்பலதா தன் கறிவேப்பிலைக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டால், அன்றைக்கு வேறு யாருடைய இலையும் விலைபோகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் பாதி அவளே கிளப்பிவிட்டது. மீதிப் பாதி உண்மைதான். அவள் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஈரச் சாக்கு சுற்றி வரும் இலைதான் ஈப்போவின் நாலைந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ரசத்திலும் மீன் குழம்பிலும் தினமும் மணக்கிறது. வாழையும் போட்டிருக்கிறாள், கொஞ்சம் வெண்டையும் போட்டிருக்கிறாள். ஆனால் வாழை காற்றுக்குச் சாயும், வெண்டையைப் பூச்சி தின்னும். வீட்டில் அடுப்பு எரிவது கறிவேப்பிலையால். புருஷன் தேவன் நட்டுவிட்டுப் போன ஒரு வரிசை மரங்கள் அவை. நட்ட மரங்கள் தோளுயரம் வருவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

நிலம் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் என்று வாய் சொல்கிறதே தவிர, அங்கே இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. கம்பெனி விற்றது, வாங்கியவன் துண்டு போட்டு விற்றான். முன்பக்கம் வீடுகள் வந்தன, நடுவில் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, பின்னால் யாருக்கும் வேண்டாத கல்லுப்பூமி மிஞ்சியது. அங்கே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பிழைத்த ஆறு குடும்பங்கள் அந்தக் கல்லுப்பூமியைத் தற்காலிக உரிமத்தில் எடுத்துக்கொண்டன. வருஷா வருஷம் நில அலுவலகத்தில் போய்ப் புதுப்பிக்க வேண்டிய உரிமம்.

அதைப் பங்கு பிரித்த கதைதான் வேடிக்கை. அப்போது பால் வற்றிய மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அளப்பதற்கு ஆள் கூப்பிடலாமே என்று ஒருவர் சொன்னாராம். எதற்கு என்று மற்ற ஐந்து பேரும் கேட்டார்களாம். தோட்டத்துச் சனங்களுக்கு ஏக்கர் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் நம்புவது நிரையை. நிரை என்றால் ஒரு வரிசை மரம். காலையில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், இன்னாருக்கு இத்தனை நிரை என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த நிரையில் அடுத்தவர் கத்தி வைக்கமாட்டார், அது கூடப் பிறந்தவனுடையதாக இருந்தாலும் சரி. அந்தக் கணக்கிலேயே நிலத்தையும் பிரித்துக்கொண்டார்கள். தேவனுக்குத் தண்ணீர் ஓடும் கானிலிருந்து எட்டு நிரை. அதற்கு அடுத்தது ராமையாவுக்கு. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து மரங்களைத் தள்ளி, வேரைப் பிடுங்கி, உழுது போட்டார்கள். எல்லையாக இருந்ததே அந்த மரங்கள்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு காரியத்தை வேறு யாராவது செய்வார்களா என்று தெரியவில்லை.

ராமையா மாடு வளர்க்கிறவர், அறுபதைத் தாண்டியவர். அவர் பேசினால் சண்டை போடுவது மாதிரி இருக்கும், பேசாமல் இருந்தால் நிஜமாகவே சண்டை என்று அர்த்தம். தேவனுக்கு உயிர்ச் சிநேகிதர். போன பொங்கலுக்கு முன்னால் அவருடைய மாடுகள் வந்து புஷ்பலதாவின் வாழைக்கன்றுகளை ஒரு கை பார்த்துவிட்டன. அவள் போய்க் கேட்டாள். வேலியை ஒழுங்காகக் கட்டாவிட்டால் மாடு வரத்தான் செய்யும் என்றார். அன்றோடு பேச்சு நின்றது. அவர்மேல் அவளுக்குப் பழைய கோபம் ஒன்றும் உண்டு. கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் கறிவேப்பிலை மரங்கள் நிற்கின்றன. அப்படியிருந்தும் அவர் மனைவி மாரியம்மா சந்தையில் வேறொருத்தியிடம் காசு கொடுத்து இலை வாங்குவதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். வீம்பு பிடித்த குடும்பம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இந்த வருஷம் உரிமம் புதுப்பிக்கப் போன தனேஸ்வரன் புதிய சேதி ஒன்றோடு திரும்பினார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், கடைசிப் பங்கில் மிளகாய் போடுகிறவர், ஆறு குடும்பத்து வாட்சாப் குழுவுக்குத் தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. யார் எதுவரைக்கும் பயிர் செய்கிறார்கள் என்று, கைப்பேசியில் வருகிற செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு போட்டுக் காட்டவேண்டுமாம். கோட்டுக்குள் வராத இடம் காலி இடம். காலி இடம் எதுவானாலும் தனக்கு வேண்டும் என்று பக்கத்துச் செம்பனைக்காரர் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார்.

"சூசா ஒண்ணும் இல்லலா, சுலபந்தான்," என்று குழுவில் குரல் பதிந்து போட்டார் தனேஸ்வரன். "அவங்கவங்க நெலத்து மூலையில வெரல வச்சி அமுக்குங்க, கோடு தானா வந்துரும். சனிக்கெழமைக்குள்ள குரூப்ல போட்டுருங்க. நான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக்கிறேன்."

அந்த வாரம் முழுக்கக் குழுவில் திருவிழாதான். காலமெல்லாம் குனிந்தே பார்த்த மண்ணை முதல்தடவையாக வானத்திலிருந்து பார்க்கிறார்கள் அல்லவா. ஆறு பேரில் ஒருவரான சின்னையா தன் குளத்தைக் கண்டுபிடித்து, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வெளியூர்ச் சம்பந்திக்கும் அனுப்பிவைத்தார். அது அவருடைய குளம் இல்லை, செம்பனைக்காரரின் நீலத் தார்ப்பாய் என்று மறுநாள் தெரிந்தது.

புஷ்பலதா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நிலத்துச் சின்னக் குடிசையான பொண்டோக்கில் காலை நீட்டி உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். முதலில் அந்தப் பொண்டோக்கின் தகரக் கூரைதான் கண்ணில் பட்டது. அதற்குள்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கவனித்தாள், படம் பழையது. மரங்களையே காணோம். உழுது போட்ட செம்மண் மொட்டையாகக் கிடந்தது. அதன்மேல் பழைய நிரைகள் கோடு கோடாகத் தெரிந்தன. தரையில் நின்று எத்தனை பார்த்தாலும் தெரியாத கோடுகள், மேலேயிருந்து பார்த்தால், துவைத்த பிறகும் சேலையில் தெரிகிற மடிப்பு மாதிரி அப்படியே இருந்தன. ஒரு கோட்டின்மேல் மட்டும் வரிசையாகப் புள்ளிகள். தேவன் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தோண்டிய குழிகள். அந்தக் குழிகளுக்கு அவளும்தான் சாணி சுமந்து கொட்டினாள்.

ஆசையாகக் கானிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டு நிரையும் முடிந்துவிட்டது. குழிகள் ஒன்பதாவதில் இருந்தன.

மறுபடியும் எண்ணினாள். பிறகு, கானோரத்து மரத்தில் பாலே சரியாக வராது, அந்த நிரையை யார் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, அதை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தாள். குழிகள் எட்டாவதில் வந்து விழுந்தன. கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. ஆனால் சின்ன வயதில் அவளும் மரம் வெட்டியவள். எந்தப் பெரட்டிலும் ஓரத்து நிரையை யாரும் விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. மரங்கள் நிற்பது ராமையாவின் நிலத்தில்.

மற்றவராக இருந்தால் போய்ப் பேசலாம். மாடு மேய்ந்த வாழைக்கே இறங்கி வராத மனுஷன், மரத்துக்கு இறங்கி வருவாரா? சித்தியவானில் குடித்தனம் இருக்கும் மகள் பிரமிளாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ராமையா மாமாவுக்கு ஃபோன்ல கோடு போடத் தெரியுமாம்மா?" என்றாள் மகள்.

"தனேஸ்வரன்தான் போட்டுக் குடுப்பான்."

"அப்ப நீ ஒரு வெரல் தள்ளிப் போட்டுரு. ஃபோன்ல அது நூலளவு. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கதான்," என்றாள் புஷ்பலதா.

அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்பார்கள் என்றால் பயத்திலாவது ஒழுங்காகப் போட்டிருப்பாள். மறுநாள் காலை இலை வெட்டப் போனபோது கத்தி கையில் நிற்கவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவர் நிரையில் கத்தி வைத்துக்கொண்டா இருந்தேன் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அவமானம் ஒருபக்கம் இருக்க, இந்த மரங்கள் போய்விட்டால் மோட்டாரில் எதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளைச் சாப்பிட விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. பொண்டோக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாக அமுக்கினாள். கடைசிப் புள்ளிக்கு வந்தபோது விரல் குழிகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்து எட்டாவது நிரையின் ஓரத்தில் அமுக்கியது. படத்தைக் குழுவில் போட்டுவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் திணித்துவிட்டு வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தனேஸ்வரன் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களும் ராமையா அண்ணனும் சேந்து வெளையாடுறீங்களா?"

"ஏன்பா, என்ன ஆச்சு?"

"ரெண்டு பேரு கோட்டையும் சேத்துப் பாத்தா நடுவுல ஒரு பட்டை சும்மா கெடக்கு. உங்க கறிவேப்பில நிக்கிற எடம். நீங்களும் எடுக்கல, அவரும் எடுக்கல. செம்பனைக்காரனுக்குத் தானம் பண்றீங்களா? நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அங்க வந்து நில்லுங்க."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராமையா எதில் தப்புப் பண்ணினாலும் நிரை எண்ணுவதில் தப்புப் பண்ணுகிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் மரத்தடியில் நின்றார்கள். கிளேடாங் மலைமேல் மேகம் இன்னும் கலையவில்லை. ராமையா அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தபடி நின்றார். புஷ்பலதாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கு எட்டுதாண்ணே. இது ஒம்பது. உங்களோடது. தெரியாம இத்தன வருசம் வெட்டிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க."

"எட்டுன்னு யாரு சொன்னது?"

"அவருதான் சொல்லுவாரு."

"அது நான் கால ஒடச்சிக்கிட்டதுக்கு முந்தின கணக்கு," என்றார் ராமையா. அப்புறம், பிடிக்காத மருந்தைக் குடிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "மோட்டார்ல விழுந்து படுத்துக் கெடந்தேன்ல, அப்ப மாட்டுக்குப் புல்லு அறுத்தது யாரு? பால் கறந்தது யாரு? ஒன் புருசன். கையில காசு குடுத்தேன், தொடமாட்டேன்னுட்டான். காலு தேறுனதும் இங்க கூட்டியாந்து, இந்த நிரை இனிமே ஒன்னோடது மச்சான்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் அவன் குழியே வெட்டுனான். சாணி எங்கேருந்து வந்துச்சின்னு நெனச்ச?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே அவரு."

"நாந்தான் சொல்லாதன்னேன்." ராமையா குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்கிட்ட சொன்னா நீ மாரியம்மாகிட்ட சொல்லுவ. நெலத்தத் தூக்கிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா அவ என்னய வீட்டுக்குள்ள விடுவாளா?"

தனேஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. தன் மரத்தைத் தானே திருடலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் அவள் ஒரு வாரமாகச் சோறில்லாமல் கிடந்திருக்கிறாள்.

"அப்புறம் எதுக்குண்ணே அந்த வாழைக்கு அப்படிச் சண்ட போட்டீங்க?"

"அது வாழ. இது நிரை."

கோட்டைத் திருத்துவது யார் என்று அடுத்த தகராறு வந்தது. புஷ்பலதா தன் கையால் போடமாட்டேன் என்றாள். அவள் கைப்பேசியை ராமையா வாங்கிக்கொண்டார். பால் கறந்து தடித்த அவர் கட்டைவிரல் அமுக்கிய இடம் ஒன்று, கோடு போன இடம் வேறொன்று.

"மாட்டுக் கொட்டாயும் எனக்கா அண்ணே?" என்றாள் புஷ்பலதா எட்டிப் பார்த்து.

"எடுத்துக்க. சாணி அள்ளுற வேல எனக்கு மிச்சம்."

கொட்டகையை விட்டுவிட்டு, ஒன்பதாவது நிரை மட்டும் உள்ளே வரும்படி தனேஸ்வரன் கோட்டை ஒதுக்கிக் கொடுத்தார். புதிய படம் குழுவுக்குப் போயிற்று. ராமையா சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்காமலே திரும்ப உள்ளே வைத்தார். குழுவில் மாரியம்மாவும் இருக்கிறாளே என்ற நினைப்பு அவருக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

முதல் பதில் மாரியம்மாவிடமிருந்தே வந்தது. குரல் பதிவு. தனேஸ்வரன் தட்டிவிட்டார்.

"இத்தன வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாராக்கும். அந்த நிரை அவங்களோடதுன்னு தெரிஞ்சதாலதான அதுல கை வைக்காம நான் சந்தையில எல வாங்குறேன். புஷ்பா, மீனு வாங்கி வச்சிருக்கேன். அவருகிட்ட ரெண்டு கொத்து குடுத்து வுடும்மா."

புஷ்பலதா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ராமையாவிடம் நீட்டினாள்.

"வேணுங்கிறத வெட்டிக்குங்கண்ணே."

ராமையா கத்தியை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒன் நிரைம்மா. நீதான் வெட்டணும்."

புஷ்பலதா வெட்டினாள். கத்தி இன்றைக்குக் கையில் நின்றது. மாரியம்மா கேட்டது இரண்டு கொத்து. அவர் கை நிறைந்து, தனேஸ்வரன் கையும் நிறைந்த பிறகும் அவள் நிறுத்துவதாக இல்லை.

"போதும்மா," என்றார் ராமையா. "மாட்டுக்கா போடப் போறேன்."