பிற்பகலுக்குக் காலையிலேயே போட்ட கையெழுத்து

நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைகள் சங்கிலியில் தொங்கியபடி ஊர்ந்துகொண்டே இருக்கும். பீங்கான் அச்சுகள்தான். ரப்பர்ப் பாலில் மணிக்கட்டு வரை முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட அடுப்புக்குள் போகும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அந்தப் பக்கம் பார்க்கவே தயங்குவார்கள். நான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.

என் இடம் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், தண்ணீர்ச் சோதனை அறை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். ஊதிப் பருத்த கைகள் வரிசையாகத் தொங்கும். இரண்டு நிமிஷம் காத்திருந்து, எங்காவது துளி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பாரத்தில், அதாவது சோதனைப் படிவத்தில், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் பிரிவின் சூப்பர்வைசர் வேலையை விட்டு ஜொகூருக்குப் போவதாக இருந்தார். அந்தப் பொறுப்பு எனக்கோ, என் பக்கத்தில் வேலை செய்யும் அக்காவுக்கோ கிடைக்கும் என்று பேச்சு. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் கடைசிவரை யாரோ சொன்ன வேலையைத்தான் செய்தார்கள். சபையில் ஒரு சகோதரி, "இருக்கிறது போதும்னு இரும்மா, ஆசை பொல்லாதது" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கார் ஆராங்கிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் தினமும் ஜெபித்தேன். முதலில் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போது கேட்பதை விட்டு, தரவேண்டும் என்று அவருக்கே உத்தரவு போட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு நிமிஷம் ஒன்றரை ஆனது. ஒன்றரை, ஒன்று ஆனது. பிறகு தண்ணீர் ஊற்றும்போதே 'பாஸ்' என்று எழுதினேன்.

ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். அடுத்த தொகுதிக்காகப் பாரத்தைப் புரட்டினேன். அது ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. சோதித்த நேரம் 2.10. முடிவு பாஸ். கீழே என் கையெழுத்து. அடுத்த தாளில் 2.40, அதற்கடுத்ததில் 3.20. எல்லாம் என் எழுத்து. இன்னும் வராத நேரத்துக்கு, அச்சில்கூட ஏறாத கையுறைகளுக்கு.

"அக்கா, யாரு என் பாரத்துல எழுதுனது?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீதான்லா எழுதுன. காலையில வந்தவொடன."

"நானா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. கண்ணு வெளிய அந்த லைனையே பாத்துக்கிட்டு இருந்திச்சு. கை மட்டும் எழுதிக்கிட்டே இருந்திச்சு. எனக்குப் பயமா போச்சு, விட்டுட்டேன்."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. சங்கிலி ஒரு குலுக்குக் குலுக்கி ஓய்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் அத்தனை கைகளும் அசையாமல் தொங்கின. பதினோரு வருஷத்தில் அவ்வளவு அமைதியை நான் அங்கே கேட்டதில்லை. அந்த அமைதியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக்.

காலையில் தொங்கவிட்டு, கழற்ற மறந்த கையுறைகள். நாலு கையுறைகளின் விரலிடுக்கில் தண்ணீர் திரண்டு திரண்டு விழுந்தது. தரையில் சிறு குட்டையே தேங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் பாஸ் எழுதியிருந்தேன்.

நான் பாஸ் போட்ட பெட்டிகள் பினாங்குத் துறைமுகத்துக்குப் போக லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதற்குள் கையை நுழைப்பாள், அவ்வளவுதான். ஜெபிக்கப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இப்ப இதச் சொன்னா அந்த வேல உனக்குக் கிடைக்காது. தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார். மொதல்ல லோரிய நிப்பாட்டுங்க."

மூன்று நாள் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தோம். அக்கா கூடவே நின்றார். நிறையப் பெட்டிகளைக் கழித்தோம். அந்த நாட்களில் சாப்பிடும்போதுகூட என் வலக்கையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்கா சூப்பர்வைசர் ஆனார். வாழ்த்துச் சொல்லிவிட்டு கழிவறையில் போய் அழுதேன். பொறாமைதான், வேறென்ன சொல்ல.

அதற்குப் பிறகு எதற்கும் ஆசைப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். சொன்னதைச் செய்தேன், மணியானதும் கிளம்பினேன். பல மாதங்கள் அப்படியே போயின. ஒருநாள், தண்ணீர் ஊற்றும் குழாயின் விளிம்பு நல்ல கையுறைகளையே கீறிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அக்காவிடம் காட்டினேன். இருவரும் மெக்கானிக்கை நச்சரித்து விளிம்பைத் தேய்க்க வைத்தோம். அன்று வீடு திரும்பும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இந்த அறையை இன்னும் நன்றாக நடத்தலாம், என்னால் முடியும் என்று தோன்றியது. அந்த எண்ணத்தைக் கர்த்தருக்கு முன் வைக்க எனக்குக் கூச்சமாக இல்லை.

சுங்கைப் பட்டாணியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சூப்பர்வைசர் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த சூப்பர்வைசர் காலியிடம் வந்தபோது மனுப் போட்டேன். அதே மேனேஜர்.

"போன தடவ நடந்தத மறந்துட்டியா?"

"மறக்கல சார். மறக்காததுனாலதான் கேக்குறேன்."

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பிரிவைக் கொடுத்தார்கள். முதல் நாள் அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே சங்கிலி ஓடும் இரைச்சல் கேட்டது. பயமாக இருக்கிறது என்று கர்த்தரிடம் உள்ளபடியே சொன்னேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.