முதுமை என்று எழுதிய பதிவேடு

கொரோனாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுக்க, போன வாரம் மாத்தளை டவுனிலிருந்து ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் எங்கள் பள்ளிவாசலுக்கு வந்தார். இப்படி வருகிற மூன்றாவது ஆள் இவர். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு படிவம். ஊரில் அடக்கப்படுகிறவர்களின் பதிவேட்டை எழுதுகிறவன் நான்தான் என்பதால், அதை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

புரட்டிப் பார்த்த அந்தப் பெண் நிமிர்ந்து, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

“நானா, என்ன இது? கொரோனா வந்த வருஷம் மட்டும் இவ்வளவு மவுத்து. ஆனா கொரோனான்னு ஒண்ணு கூட இல்ல. மாரடைப்பு, ஆஸ்துமா, முதுமைன்னே இருக்கு. இத வெச்சி நான் என்னத்த எழுதுறது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கொரோனான்னா மவுத்தானவங்க மய்யத்த எரிப்போம்னு ஒங்க ஆபீஸ்காரங்கதானே சொன்னாங்க? அதுக்குப் பயந்து, மூச்சு முட்டுனவங்க கூட ஆஸ்பத்திரிக்கிப் போகாம வீட்லயே கெடந்து மவுத்தானாங்க. மண்ணுலதான் அடக்கணும்னு நான் வேற வேற காரணம் எழுதுனேன். எரிக்கிறேன்னு சொன்ன வாயாலயே இப்ப உண்மையக் கேட்டா நான் எங்க போறது?”

அவர் ஒரு வரியில் மட்டும் விரலை வைத்தார்.

“சரி நானா. ஆனா இவங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. இவங்களுக்குமா முதுமை?”

குனிந்து பார்த்தேன். என் மனைவியின் பெயர். அன்றும் என் கை பழக்கத்தில் அதையே எழுதியிருந்தது.