அண்ணாச்சியின் இடது கை

எங்கள் பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு ஒரு பெண் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குப் பதினான்கு வயது. முப்பது வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் கறிக்கடையில் ‘எலும்பு சேத்துப் போடவா’ என்று கேட்டால், வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.

செங்கோட்டை பாசஞ்சர் இரண்டு நிமிஷம் நின்றுபோகிற ஊர் எங்களுடையது. ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் உயர்நிலைப் பள்ளி. அப்பா அங்கே லேப் அட்டெண்டர். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அறிவியல் சாரே அவரிடம்தான் கேட்டுக்கொள்வார். நான் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா வேலை பார்க்கிற இடத்தில் படிப்பது பெரிய தண்டனை. நாம் தும்மினால்கூட வீட்டுக்குச் சேதி போய்விடும். அது இல்லாமலே எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது.

எலும்புக்கூடு நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் வந்ததாம். கல்கத்தாவிலிருந்து, மரப்பெட்டியில் வைக்கோல் பொதிந்து, ரயில் பார்சலில். பெட்டியை உடைத்து, கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் கொக்கியில் மாட்டியவர் அப்பாதான். உண்மையான மனித எலும்பு என்று அறிவியல் சார் சொல்லியிருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டோம், நம்பவில்லை. வார்னிஷ் அடித்த மாதிரி மஞ்சளாக, மூட்டுக்கு மூட்டு கம்பி போட்டுக் கட்டி, பொம்மை போலத்தான் இருக்கும். யார் வைத்த பெயரோ, எல்லோருக்கும் அது அண்ணாச்சி.

“அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? ஏன் இப்படி மெலிஞ்சிட்டிய?” என்று விசாரித்துவிட்டுத்தான் பையன்கள் லேபுக்குள் நுழைவார்கள்.

அண்ணாச்சி அறிவியலுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் பள்ளியில் பாடத்துக்கு உதவும் பொருள் என்று உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். இன்னொன்று உலக உருண்டை. அதில் ஆப்பிரிக்கா நசுங்கிப் போயிருந்தது. அதனால் எல்லாப் பாடத்து ஆசிரியர்களும் அண்ணாச்சியை முறைபோட்டுக் கூட்டிப் போவார்கள். ஓவிய மாஸ்டர் மண்டையோட்டைப் பார்த்து நிழல் போடச் சொல்லிக் கொடுத்தார். கணக்கு சார் தொடை எலும்பை அளந்து, விகிதம் போட்டு, ஆளின் உயரம் நாலே முக்கால் அடி என்று கண்டுபிடித்தார். “அண்ணாச்சி குள்ளம்லே” என்று முடிவும் சொன்னார். வரலாற்று டீச்சருக்கு ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைப் பற்றிச் சொல்லும்போது அண்ணாச்சி வேண்டும். தமிழ் ஐயாவுக்கு உடம்பு நிலையில்லாதது என்று சொல்லும்போது வேண்டும். கபடியில் கணுக்கால் எப்படிப் பிசகும் என்று காட்ட பி.டி. சாருக்கு வேண்டும். இங்கிலீஷ் சாருக்கு மட்டும் திட்டுவதற்கு. “இந்த அண்ணாச்சிகூட டென்ஸ் படிச்சிருவாருலே, ஒனக்கு வரமாட்டேங்கு!”

அந்த வருஷம் பள்ளிக் கண்காட்சிக்குத் தலைமையாசிரியர் ஒரு யோசனை சொன்னார். ஒரே பொருள், பல பாடம். நடுவில் அண்ணாச்சி நிற்க வேண்டும். சுற்றிலும் பாடத்துக்கு ஒரு மாணவர் நின்று, அண்ணாச்சியை வைத்துத் தன் பாடத்தில் என்ன கற்றோம் என்று சொல்ல வேண்டும். அறிவியலுக்கு என் பெயரைச் சொன்னார்கள்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அட்டெண்டர் மவதானே? எலும்பு பேரெல்லாம் வீட்டுலயே படிச்சிருப்பா” என்றார் தலைமையாசிரியர். அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்கப் பயந்துதான் ஒப்புக்கொண்டேன்.

தினமும் காலையில் மணி அடிப்பதற்கு அரைமணி முன்னால் அப்பா என்னை லேபுக்குக் கூட்டிப்போவார். பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு எலும்பாகத் துடைத்துக்கொண்டே பெயர் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் இடது கைக்கு வந்தோம். ரேடியஸ், அல்னா என்று முன்கை எலும்புகளைச் சொல்லிவிட்டு, மணிக்கட்டில் துணியை நிறுத்தினார்.

“இங்கனதான் ஒங்க அத்தைக்கு ஒடிஞ்சது. படித்துறையில வழுக்கி விழுந்தா. கட்டு சரியாப் போடல, கோணலாக் கூடிட்டு.”

“எந்த அத்தை?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து எனக்கு அத்தையே கிடையாது.

அப்பா கண்ணாடிக் கதவைச் சாத்தினார். “போடி, மணி அடிக்கப் போவுது.”

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, “அவரு வாயாலயா சொன்னாரு?” என்றாள். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பைய உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துவந்தாள். தாவணி போட்ட ஒரு பெண். என் மூக்கு, என் நெற்றி. இடது கை மணிக்கட்டில் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

“ஒங்கப்பாவுக்கு ஒரே தங்கச்சி. நீ பொறக்கிறதுக்கு முந்தி, பத்தொம்பது வயசுல, ஒருநாள் காலையில ரயிலேறிப் போனவதான். யாரும் தேடிப் போகக்கூடாதுன்னு ஒங்க தாத்தா சொல்லிட்டாரு. ஒங்கப்பாவும் போகல.”

“யாரு கூடப் போனாவ?”

“தேடுனால்லா தெரியும்?” என்றாள் அம்மா. “அவருகிட்ட கேட்டுராத.”

மூன்று பேர் மட்டும் இருக்கிற வீடு என்று நினைத்திருந்தேன். ஒரு முழு மனுஷி பெட்டிக்கு அடியில் இருந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் கண்காட்சி. தொடை எலும்பு, முழங்கால் சில்லு என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தையையும் மறந்துபோனேன்.

கண்காட்சியன்று பத்தாம் வகுப்புப் பையன்கள் அண்ணாச்சிக்குத் தோளில் ஒரு துண்டு போட்டுவிட்டார்கள். இடது கையில் ஓர் அட்டை தொங்கியது. ‘வாங்க, வாங்க! நான்தான் அண்ணாச்சி.’ பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டையை நூல் கோத்துக் கட்டிக் கொடுத்ததே அப்பாதான்.

மதியத்துக்கு மேல் சிறப்பு விருந்தினர் வந்தார். பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பெண் டாக்டர். தலைமையாசிரியர் நேராக எங்களிடம்தான் கூட்டிவந்தார். பெற்றோர்களும் பின்னாலேயே திரண்டுவிட்டார்கள். முதல் ஆள் நான். கையில் பிரம்பு. மண்டையோடு என்று ஆரம்பித்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லும்மா, அண்ணாச்சிக்கே கேக்கலயாம்” என்றார் தலைமையாசிரியர். கூட்டம் சிரித்தது. பி.டி. சார் சிநேகிதர் போல அண்ணாச்சியின் தோளில் கைபோட்டு நின்றுகொண்டிருந்தார்.

கீழ்த்தாடை, காறை எலும்பு, விலா எலும்புகள், முதுகெலும்பு. பிரம்பு இடுப்பு எலும்பில் பட்டது. டாக்டர் கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் இரும்மா.”

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இடுப்பு எலும்பின் வளைவுக்குள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு தாடையை, பிறகு துண்டை விலக்கிக் காறை எலும்பின் முனையை.

“இதுக்கு யார் அண்ணாச்சின்னு பேர் வச்சது?”

“பிள்ளைங்க வச்சதுதான், பாசத்துல” என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார்.

“இது ஆம்பளை இல்ல சார். பொம்பளைப் பிள்ளை. காறை எலும்போட இந்த முனை இன்னும் முழுசா ஒட்டலை. இருபது வயசு இருக்கும். அதுக்கு மேல ரொம்ப இருக்காது.”

பி.டி. சார் சுட்டுவிட்டாற்போலக் கையை எடுத்துக்கொண்டார். என் பிரம்பு இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடிக்குள் தொங்கியது பொம்மையில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு நிற்கிற அக்காக்களின் வயது. அவளைத்தான் எட்டு வருஷமாக, துணியில்லாமல் நிற்க வைத்து, அளந்து, வரைந்து, ஏன் மெலிந்துவிட்டாய் என்று கேட்டிருக்கிறோம்.

“இங்க எப்படிம்மா வந்திருக்கும்?” தலைமையாசிரியருக்குக் குரல் இறங்கிவிட்டது.

“கேக்க ஆளில்லாத உடம்பு சார். ஏதாவது ஓர் ஊர் ஆஸ்பத்திரியில கிடந்திருக்கும். யாரும் தேடி வரலைன்னா இப்படிக் கைமாறிக் கைமாறிப் போயிடும்.”

அப்பா காப்பித் தட்டோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். வழிவிலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தட்டை வரலாற்று மேஜையில், களிமண் தாழிகளுக்கு நடுவே வைத்தார். அதிகாரிகள் முன்னால் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. எனக்கு அந்தச் சுபாவம் அவரிடமிருந்து வந்ததுதான்.

“அம்மா, ஒரு சங்கதி கேக்கணும். இந்தப் பிள்ளைக்கு எடது கை மணிக்கட்டுல ஒடிஞ்சு கூடுன தடம் எதுவும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

“என்னவே இது, இப்பப் போயி! காப்பியக் கொடும்வே” என்றார் தலைமையாசிரியர்.

டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தலைமையாசிரியரை ஒரு கையால் அமர்த்திவிட்டு, அந்த இடது கையிலிருந்து அட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். மணிக்கட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

அப்பா என்ன கேட்கிறார் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருஷமாக அந்தக் கையைத் துடைத்தவர் அவர். கோணல் இருந்தால் அவர் விரலுக்குத் தெரியாமலா போயிருக்கும்? ஆனாலும் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்ல வேண்டுமே என்று நான் ஊரில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

டாக்டர் எலும்பின் மேல் பைய விரலை ஓட்டினார். இரண்டு தடவை.

“இல்லய்யா. இந்தக் கை ஒடிஞ்சதே இல்ல.”

“சரிம்மா” என்றார் அப்பா. அவ்வளவுதான். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முழுசாக விரித்து, தோளிலிருந்து குறுக்காகப் போர்த்தி, முனையை விலா எலும்புக் கம்பியில் செருகினார். எவனோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு காப்பி கொடுக்கப் போனார்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். “ம்... நீ மீதியச் சொல்லும்மா.”

நானும் சொன்னேன். தொடை எலும்பு, முழங்கால் சில்லு, கால்விரல் வரை ஒன்றுகூட விடவில்லை. இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. கை தட்டினார்கள். கணக்கு சார் தன் சார்ட்டில் ‘ஆண்’ என்பதை அடித்துவிட்டு ‘பெண்’ என்று எழுதினார். உயரம் மாறவில்லை. எனக்கு ஒரு ரோஸ் நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு கிடைத்தது. மூடி போட்டது.

சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டேன். “அப்பா, அது நம்ம அத்தை இல்லல்லா?”

“இல்ல” என்றார். பாலத்தில் ஏறும்போது, என்னிடம் சொன்னாரோ ஆற்றிடம் சொன்னாரோ, “எவனோ ஒருத்தன் தேடாத தங்கச்சி” என்றார்.

திங்கட்கிழமை காலையில் அப்பா பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக லீவு எழுதிக் கொடுத்திருந்தார், பத்து நாள். அம்மா எதுவும் கேட்காமல் புளிச்சோறு கட்டினாள். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. போட்டோ அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அத்தைதான் இல்லை என்று ஆகிவிட்டதே, பிறகு ஏன் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஏனென்றால் அம்மா ஒரு முழு சோப்பை என் ரோஸ் டப்பாவில் போட்டு அவர் பையில் வைத்துவிட்டாள்.

“என் டப்பாவைத் தொலைச்சிராதீங்கப்பா” என்றேன். அவரை வழியனுப்ப நான் சொன்னது அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் போடப் போனாள். போட்டோ பெட்டிக்குள் திரும்பிப் போனது. நான் ஓடிப்போய்ப் பையைத் திறந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். உடையவில்லை. சோப்பு மட்டும் தேய்ந்து, நகம் அளவுக்கு மூலையில் ஒட்டியிருந்தது. எத்தனை ஊர்க் குழாயடியில் கரைந்த சோப்பு அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, டப்பாவை நன்றாகக் கழுவி, என் பென்சில்களைப் போட்டு வைத்துக்கொண்டேன்.