வாசலை விட்டுப் போகாதவர்

புளியங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பாக்கியம் அக்காவின் மகள் அழைத்தார். "அம்மா வேலைக்கு வெளிக்கிட்டவா, அன்ரி. சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருக்கேக்கை சரிஞ்சிட்டா. உயிர் போயிட்டுது" என்றார்.

அந்த வேலைக்காக அவர் என்ன பாடுபட்டார் என்பதை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாக்கியம் அக்கா எங்கள் நகரசபையின் சுகாதாரத் தொழிலாளி. கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர். நான் அதே சபையில் எழுதுவினைஞர். கண்டாவளையில் வயல் செய்யும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். தெருக் கூட்டும் பெண்கள் எங்கள் அறைக்குள் வந்தால் நின்றபடிதான் கதைப்பார்கள். இருக்கச் சொல்ல எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. அக்கா முதல் நாளே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நாலரைக்கு எழும்பினனான், மிஸ். கால் உளையுது" என்றார்.

பல வருடங்கள் தற்காலிகத் தொழிலாளியாகவே அவர் வேலை செய்தார். பிறகு துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொந்தராத்துக் கொடுக்கச் சபை முடிவெடுத்தது. தாங்களாகவே விலகுவதாகத் தொழிலாளர்கள் கையெழுத்து வைத்தால், கொந்தராத்துக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். பதினொரு பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். பாக்கியம் அக்கா எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிட்டுச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் விரும்பிப் போறன் எண்டு இதில கிடக்கு, ஐயா. நான் விரும்பேல்லை. பொய்யில கையெழுத்து வைக்கமாட்டன்."

தோட்டத்துச் சனத்துக்கு வாய் கூடிப்போச்சு என்று செயலாளர் அவருக்குக் கேட்கும்படியே சொன்னார். அக்கா மறுநாள் விடிய வழமைபோல வேலைக்கு வந்து நின்றார்.

வரவுப் புத்தகத்தை அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. காவலாளி அவரை வாசலிலேயே மறித்தார். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு கொப்பி வாங்கி, திகதியையும் வந்த நேரத்தையும் எழுதி, எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சாட்சிக்குக் கையெழுத்து வாங்கினார். மழையிலும் வந்தார், காய்ச்சலோடும் வந்தார். நான் யன்னலால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு மாதம் கழிந்ததும், அறிவிக்காமல் வேலையைக் கைவிட்டுப் போனவராக அவரைக் கருதுவதாக இன்னொரு கடிதம் போனது. அதையும் நானே தட்டச்சு செய்தேன்.

அவர் மேல் நீதிமன்றத்துக்குப் போனார். கொப்பி மட்டும் போதாது, அலுவலகத்துக்குள் இருந்த ஒருவர் கண்டதைச் சத்தியக் கடதாசியில் எழுதித் தந்தால் வழக்கு நிலைக்கும் என்றார் அவருடைய சட்டத்தரணி. அக்கா என் வீடு தேடி வந்தார். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி விடயத்தைச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது, என்னையும் விடமாட்டார்கள் என்றேன்.

"பயப்படுங்கோ, மிஸ். நானும் பயந்து பயந்துதான் ஒவ்வொரு நாளும் வாறன். ஆனா நீங்கள் கண்டதை உங்களுக்காக நான் போய்ச் சொல்ல ஏலாது."

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் கையெழுத்து வைத்தேன். அன்றோடு அவருக்கு நான் 'மிஸ்' இல்லை, 'தங்கச்சி'. அடுத்த மாதம் காட்டோரத்து உப அலுவலகம் ஒன்றுக்கு எனக்கு இடமாற்றம் வந்தது. இன்றும் அங்கேதான் வேலை. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

வழக்கு நாலு வருடம் தவணை தவணையாக இழுபட்டது. அக்கா கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டு, ஒரு தவணையும் தவறாமல் வந்தார். கடைசித் தவணையில், வேலையைக் கைவிட்டுப் போனவர் எதற்காகத் தினமும் வாசலில் வந்து நின்றார் என்று நீதிபதி கேட்டார். சபையின் சட்டத்தரணி கோவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வேலைநீக்கம் செல்லாது, சேவை முறியாமல் அவரைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

திரும்பச் சேர்ந்த அன்று, இனியாவது பிரச்சினை இல்லாமல் இருக்கும்படி செயலாளர் அவருக்குப் புத்தி சொன்னாராம். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "மற்றப் பதினொரு பேரும் எப்ப ஐயா உள்ளுக்கு வருவினம்?"

அந்தக் கேள்வியோடுதான் கடைசி இரண்டு வருடங்களும் வாழ்ந்தார். ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் போய்க் கதைத்து, பயந்தவர்களோடு திரும்பவும் கதைத்து, பதினொரு பேரையும் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். மனு தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது.

சபை அனுப்பிய மலர்வளையத்தை மகள் வாங்கி வேலியோரம் வைத்தார். அந்தப் பதினொரு பெண்களும் கொந்தராத்துக்காரரின் சீருடையோடு வேலையிடத்திலிருந்து நேரே வந்திருந்தார்கள். பாடை படலையைத் தாண்டியதும், பெண்கள் இத்தோடு நிற்கவேண்டும் என்றார் ஒரு பெரியவர். அவர்களில் மூத்தவரான சரோஜா நிற்கவில்லை.

"இந்த ரோட்டைக் கூட்டுறது நாங்கள். இதால நடக்க எங்களை ஆர் மறிக்கிறது?"

ஒருவரும் மறிக்கவில்லை. பதினொரு பேரும் சுடலை வரை நடந்தார்கள். நானும் நடந்தேன். சிதை எரிந்து அடங்கும்வரை அங்கேயே நின்றோம்.

திங்கட்கிழமை அவர்கள் தங்கள் சத்தியக் கடதாசிகளில் கையெழுத்து வைக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். விடுமுறை விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில், சபைக்கு எதிரான வழக்கு என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போயிட்டு வாங்கோ, அக்கா. நாங்கள் அந்த வாசலில் நிற்போம்.