லாட்ஜில் முடிவான தலைவி

ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. எங்கள் கர்நாடகத்தில் ஜனங்கள் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களை மட்டும்தான். தலைவர் யார் என்று அந்த உறுப்பினர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். எந்தப் பிரிவினர் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதை அரசாங்கம் முறைவைத்துச் சொல்கிறது. இந்த முறை பெண் என்று வந்தது. தமிழ்நாட்டு எல்லையோரம் பாலாற்றுப் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அங்கே உறுப்பினர்.

அவளை ஜெயிக்க வைத்தது அவள் தெருப் பெண்கள். காட்டோரத் தெரு. பொழுது சாய்ந்தால் யானை வரும், விளக்கு கிடையாது. தலைவரானால் முதல் வேலை தெருவிளக்குத்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருந்தாள்.

எதிர்க்கோஷ்டி இழுத்துவிடக் கூடாதென்று அவள் கோஷ்டிப் பெரியவர்கள் தங்கள் உறுப்பினர்களை வேனில் ஏற்றி மைசூருக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு டூர் என்று பெயர். லாட்ஜ் நான் குடியிருக்கும் அக்ரஹாரம் என்ற பேட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அண்ணன் வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு அவளை அனுப்பவில்லை. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சந்தை மாட்டைக்கூட இப்படிக் காவல் காக்க மாட்டார்கள். நான்தான் டிபன் பாக்ஸில் குழம்பு கொண்டுபோனேன்.

தங்கை சந்தோஷமாக இருந்தாள். "பெரியவங்க யாரச் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான்னு எல்லாரும் கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணீட்டோமுங்கண்ணா. நாந்தான் மொதல்ல கை வெச்சேன்."

வேனிலேயே அவளைத் தலைவரம்மா என்றுதான் கூப்பிட்டார்களாம். எனக்கு அந்தப் பெரியவர்களைத் தெரியும்.

அன்று சாயங்காலம் பெண் உறுப்பினர்களை அரண்மனை விளக்கு பார்க்க அனுப்பிவிட்டு, ஆண்களும், உறுப்பினரே அல்லாத புருஷன்மார்களும் அறைக்குள் உட்கார்ந்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன். கதவு திறந்ததும் தங்கை புருஷன் வெளியே வந்தார். கான்ட்ராக்டர் ஒருவரின் மனைவிக்கு முடிவாகியிருந்தது. அந்தம்மாவும் உறுப்பினர்தான், ஆனால் ஓட்டுக் கேட்கக்கூட வாசலைத் தாண்டாதவர்.

"மொதப் பாதி அவங்களுக்கு, பின்பாதி நம்மளுக்குன்னு பேசி முடிச்சாச்சுங்க மச்சான். நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கோணுமில்லீங்களா?"

பாதியில் நாற்காலியை விட்டு இறங்கினவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அரண்மனையிலிருந்து திரும்பிய தங்கையைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீயும் மனுப் போடு. ரகசிய ஓட்டுத்தான். பாத்துக்கலாம்."

"கற்பூரத்துல அடிச்சுட்டேனுங்கண்ணா. எனக்குக் கொழந்தைங்க இருக்குது," என்றாள். சட்டம் அவளைத் தடுக்கவில்லை, கற்பூரம் தடுத்தது. சத்தியத்துக்குப் பயப்படுகிறவளை வைத்துத்தான் பயமில்லாதவர்கள் பிழைக்கிறார்கள்.

மறுநாள் அதே வேனில் நானும் போனேன். எதிர்க்கோஷ்டிக்கு ஆள் போதாததால், பஞ்சாயத்து ஆபீசில் ஒரே ஒரு மனு. அதை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது என் தங்கை. அவளே போட்டுவிட்டால் பின்னால் பேச்சு எழாது என்பது பெரியவர்களின் யோசனை. போட்டியில்லை, அதனால் ஓட்டும் இல்லை. கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் அதிகாரி முடிவை அறிவித்துவிட்டார். வெளியே மாலை, வேட்டு. எனக்கு அங்கேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

வேட்டுச் சத்தம் கேட்டு அவள் தெருப் பெண்கள் ஆரத்தி கரைத்துவைத்துக் காத்திருந்தார்கள். நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஒருத்தி தட்டைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"நானில்லீங்கக்கா," என்றாள் தங்கை.

சுற்றிய கை நின்றது. "பின்னே யாரு?"

தங்கை கான்ட்ராக்டர் மனைவியின் பெயரைச் சொன்னாள். "நாந்தான் அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டேன்," என்றும் சொன்னாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பெண் ஆரத்தியைச் சாக்கடையில் ஊற்றினாள். அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரும் அவளைத் திட்டக்கூட இல்லை.