ஏலத்தில் எனக்கு மட்டும் மரியாதை

போன மாதம் ஒரு அடீனியம் செடியை ஐம்பது ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். விதையிலிருந்து நாலு வருஷம் வளர்ந்த செடி. அடித்தண்டு நல்ல குண்டு... ரோஸ் நிறத்தில் அடுக்குப் பூ. நர்சரியில் ஆயிரத்துக்குக் குறைத்துத் தரமாட்டார்கள்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் மாதம் ஒரு ஞாயிறு, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு உறுப்பினர் வீட்டு கார் ஷெட்டில் ஏலம். எல்லாச் செடியும் ஐம்பது ரூபாயில் ஆரம்பிக்கும். கிடைப்பது வளர்த்தவருக்கு. எழுதாத சட்டம் ஒன்று உண்டு — மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டுவிட்டால் மற்றவர்கள் போட்டிக்கு வரமாட்டார்கள். மிரட்டல் எல்லாம் இல்லை. பாசம்தான்.

குழுவில் மூத்தவன் நான். "ஐம்பது" என்றேன். கார் ஷெட்டே கப்சிப். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்... முடிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செடியை வைத்தவர் தமிழரசி. தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட், குழுவுக்குப் புதுசு. அவர் ஏலத்துக்குக் கொண்டுவந்த முதல் செடி அது. அன்று அவர் முகத்தைப் பார்த்தேனா? இல்லை. பூவைத்தான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து பாண்டி போன் செய்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர், அவரும் குழுவில் இருக்கிறார்.

"அண்ணே, தமிழரசியக்கா இனிமே வரலையாம்."

"ஏன்யா?"

"'என் செடிய ஒருத்தர்கூட ஏத்திக் கேக்கல, அம்புட்டு மட்டமாவா வளத்திருக்கேன்'னு கேட்டாங்க. மிச்சத் தொட்டியையும் சும்மா குடுத்துரப் போறாங்களாம்."

"உனக்கு அந்தச் செடி பிடிக்கலையா?"

"பிடிக்காமயா? ஐநூறு வரைக்கும் போகணும்னுதான் வந்தேன். நீங்க கேட்டுட்டீங்க... எப்படிண்ணே எதுத்துக் கேக்குறது?"

சுருக்கென்றது. பாண்டி எனக்கு விட்டுக்கொடுத்தாராம். எதை? தன் பையிலிருந்து ஒரு பைசா கொடுத்தாரா? தமிழரசியின் நாலு வருஷத்தை எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தமிழரசிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இந்த ஒரு தடவை வாங்கம்மா என்று கெஞ்சினேன். போன ஞாயிறு அதே செடியை மறுபடி ஏலத்தில் வைத்தோம், பணம் அவருக்கே என்ற பேச்சோடு. "எனக்கும் இது வேணும். ஆனா எனக்காக வாயை மூடிக்கிட்டு உக்காந்தீங்க, அப்புறம் பேசமாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நான் ஐம்பது. பாண்டி தயங்கித் தயங்கி நூறு. பின்னாலிருந்து யாரோ இருநூறு... தமிழரசி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். எழுநூறு என்றேன் — சும்மா ஏற்றிவிடவில்லை, நிஜமான ஆசை.

"எழுநூத்தி அம்பது. கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றார் பாண்டி.

என் பையில் அதற்கு மேல் இல்லை.

கிளம்பும்போது தமிழரசி, "அடுத்த மாசம் வெள்ளைப் பூ ஒண்ணு கொண்டுவாரேன் சார்" என்றார். அப்புறம் மெதுவாக, "உங்களுக்கு வருத்தமா சார்?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா."

பொய். தோற்றவனுக்கு அந்த வருத்தம்கூட இல்லையென்றால், வளர்த்தவருக்கு என்ன மரியாதை?