கேப்டன் வயிற்றை நான் எடுத்த கதை

"கேப்டன் வயிறு எங்க?" என்று வசந்தி மேடம் கேட்டபோது காலை மணி எட்டரை. பதினொரு மணிக்குக் கண்காட்சித் திறப்பு.

"எடுத்துட்டேன் மேடம்."

"ஏன் எடுத்தீங்க?"

"நல்லா இல்ல மேடம்."

போட்டோ டச்சப் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமைக்காக அல்ல. இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

1. வழக்கம்போல

கடலூர் முதுநகர் ரயிலடிக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி என் அக்கா வீட்டுக்காரர், தனசேகர் மாமா. படம் எடுப்பது அவர், அழகாக்குவது நான். முதலில் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தேன், பிறகு பிரஷ், பிறகு கம்ப்யூட்டர். கருவி மாறினாலும் வேலை மாறவில்லை. மாறுகண்ணை நேராக்கு, தூக்கின பல்லை உள்ளே தள்ளு, தழும்பை எடு, சட்டை போடாதவருக்குக் கோட்டு மாட்டு.

எங்கள் பக்கம் பெரிய சைஸில் படம் கேட்டு வந்தால் அது அநேகமாக இறந்தவர் படம். குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வரும். கையிலிருக்கும் ஒரே போட்டோவில் மனிதர் படகுக்குப் பக்கத்தில் லுங்கியோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். அவரை நான் கோட்டும் டையுமாக, பின்னால் நீல ஒளியோடு உட்காரவைப்பேன். "உயிரோட இருந்தப்பகூட மனுஷன் இவ்ளோ லட்சணமா இல்லங்க" என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டோவே எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிள்ளைப் பக்கம் ஒரு ஓவியர், வீட்டார் அடையாளம் சொல்லச் சொல்ல வரைந்து கொடுப்பார். ஒரு காது மேலே இருக்கும், ஒரு காது கீழே இருக்கும். மூக்கு எங்கேயோ போகும். "எங்க தாத்தா இப்படி இல்ல சார், சரி பண்ணுங்க" என்று அதையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆக, கோணலாக வரைந்த படம் என்றால் வரைந்தவனுக்குக் கை சரியில்லை என்று பொருள். அப்படித்தான் என் மண்டையில் ஏறியிருந்தது.

வசந்தி மேடம் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஹிஸ்டரி சொல்லிக்கொடுப்பவர். அந்தக் கல்லூரிக்கு எல்லாப் படவேலையும் எங்கள் கடையில்தான். இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு சிடியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமா ஜாப் ஸ்லிப்பில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "12 படம். 20 x 30. லேமினேஷன். வழக்கம்போல."

சிடியைத் திறந்தேன். எல்லாம் கோடு போட்டு வரைந்து கலர் தீட்டிய பழைய படங்கள். சிவப்புக் கோட்டு, வெள்ளை டோப்பா முடி, இடுப்பில் கத்தி. ஆனால் வரைந்த லட்சணம் இருக்கிறதே, கிள்ளை ஓவியர் தேவலாம். ஒரு கேப்டனுக்கு வயிறு கதவைவிட அகலம். குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாமல் அவர் நிற்க, இரண்டு சிப்பாய்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்கிறார்கள். இன்னொன்றில் டிரில். பத்துப் பேர் பத்துத் திசையில் துப்பாக்கி பிடித்திருக்கிறார்கள், ஒருவனுடையது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள். ஒருவர் சாக்கடையில் சாய்ந்து கிடக்கிறார், கையில் புட்டி. ஒரு சிப்பாய் வெறும் குச்சியை ஆட்டிக்கொண்டு நடக்க, பின்னால் அவன் பெண்டாட்டி கைக்குழந்தை, மூட்டை, கெட்டில், துப்பாக்கி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறாள். ஒரு சீமாட்டியின் கொண்டை எவ்வளவு உயரமென்றால், நாவிதர் ஏணி போட்டு ஏறி நின்று சீவுகிறார்.

பத்து நாள் உட்கார்ந்தேன். கேப்டனுக்கு வயிற்றை எடுத்தேன். காலை இழுத்த இரண்டு பேரும் தேவையில்லை என்று அழித்தேன். டிரில்லில் எல்லாத் துப்பாக்கியையும் ஒரே பக்கம் திருப்பினேன். சாக்கடையில் கிடந்தவரை நிமிர்த்தி நிற்கவைத்து, புட்டியை எடுத்துவிட்டுக் கையில் ஒரு புத்தகம் கொடுத்தேன். அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துப்பாக்கியையும் மூட்டையையும் புருஷன் தோளுக்கு மாற்றினேன். சீமாட்டிக்குக் கொண்டையைக் குறைத்து நடுவகிடு எடுத்தேன். ஏணி போய்விட்டதால் நாவிதர் அந்தரத்தில் நின்றார், அவரையும் எடுத்துவிட்டேன்.

மாமா ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"யாரு மச்சான் இவுங்கள்லாம்?"

"யாரோ வெள்ளக்காரங்க மாமா. மேடத்துக்கு ஏதோ வேண்டப்பட்டவங்களா இருக்கும்."

"பரங்கிப்பேட்டை பக்கம் சொந்தம் இருக்கும்யா. அங்க எல்லாக் கப்பலும் வந்து போன ஊரு" என்றார் மாமா. எனக்கும் அது சரியாகப் பட்டது. படங்களுக்குக் கீழே வழக்கமான ரிப்பன் போட்டு, தோற்றம், மறைவு என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டேன்.

2. எட்டரை மணி

பன்னிரண்டு போர்டையும் பழைய புடவையில் சுற்றி சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினேன். செம்மங்குப்பம் தாண்டும்வரை ஃபேக்டரி கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சந்தோஷமாகப் போனேன். அவ்வளவு நல்ல வேலை அது.

கல்லூரி ஹாலில் மேடம் முதல் போர்டைப் பிரித்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் கிண்டல் படம் சார். இங்கிலீஷ்காரங்க அவுங்க ஊர்ப் பட்டாளத்த அவுங்களே கிண்டல் பண்ணி வரைஞ்சது. எரநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி. நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையில இருந்தவங்க இந்தப் பட்டாளம்தான். வயிறுதான் சார் படம். அத எடுத்துட்டா என்ன இருக்கு?"

நான் போர்டுகளை மறுபடி புடவையில் சுற்றப் பார்த்தேன்.

"ஹிஸ்டரிக்கு ஆள் சேரலன்னு டிபார்ட்மென்ட்டையே மூடப் போறாங்க. இன்னிக்கி தாளாளர் வந்து பாத்துட்டுத்தான் முடிவு. சிரிச்சிக்கிட்டே படிக்கலாம்னு காட்டத்தான் இதையெல்லாம் தேடிப் புடிச்சேன்." ரிப்பனை விரலால் தடவினார். "தோற்றம், மறைவு வேற போட்டிருக்கீங்க. மறைவு எனக்குத்தான்."

அந்த அம்மா அழுதிருந்தால்கூடத் தேவலாம். வேலை போகப்போகிற ஒருவர் என்னைத் திட்டாமல் உட்கார்ந்திருந்தது பெரிய வேதனையாக இருந்தது. நல்லவேளை, திருப்பிக் கொடுப்பதற்காகச் சிடியைக் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

3. கரண்ட்

கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஃபிளக்ஸ் கடை. மெஷினில் காதுகுத்து பேனர் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து மணிக்கு கரண்ட் போயிடும் சார், பன்னெண்டுக்குத்தான் வரும். இந்த பேனரே பாதிதான் ஓடியிருக்கு" என்றார் கடைக்காரர்.

பேனருக்காகக் காத்திருந்தவர் அதில் மீசையோடு நின்ற தாய்மாமனேதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, ஒரு டீச்சரம்மா வேலை போயிடும் மாமா" என்றேன். நான் யாரோ, அவர் யாரோ, அந்த நேரத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது?

"சரி போட்டுக்க. நம்ம காதுகுத்து நாளன்னிக்கிதான்" என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.

கடைக்காரர் கேப்டன் படத்தைத் திரையில் திறந்தார். ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மவுஸ் வயிற்றுப் பக்கம் போனது. "சார், இந்த வயித்தக் கொஞ்சம் உள்ள தள்ளிடட்டா?"

"கை வெக்காதய்யா" என்று கத்தினேன். தாய்மாமன் எழுந்தே நின்றுவிட்டார்.

ஐந்து படம் வந்தது. ஆறாவதில் சீமாட்டியின் கொண்டை முடிகிற இடத்தில் கரண்ட் போனது. முகம் வரவில்லை.

மை காயாத ஐந்தோடு திரும்பி ஓடினேன். பன்னிரண்டு படத்துக்கு ஆணி அடித்த சுவரில் ஐந்து மாட்டினால் பொக்கைவாய் மாதிரி இருந்தது. மேடம் காலி ஆணிகளை எண்ணினார். பிறகு, "உங்க படத்தையும் எடுங்க. ஒரிஜினல் பக்கத்துல அதை மாட்டுங்க" என்றார்.

"வேணாம் மேடம், மானம் போயிடும்."

"போனாப் போவுது. நீங்களே நின்னு சொல்லுங்க, எதை எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கன்னு. உங்கள மாதிரி இந்தப் படங்கள இஞ்ச் இஞ்சா யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

4. தாளாளர்

தாளாளர் அறுபதைத் தாண்டியவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். போதாக்குறைக்கு, வயிறும் கேப்டன் அளவுக்கு இருந்தது. நேராக வந்து கேப்டன் முன்னால்தான் நின்றார்.

"ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆமாங்கய்யா. இதுல வயிறு இருக்கு. அதுல நான் எடுத்துட்டேன்."

"அந்த ரெண்டு பேரு?"

"வயிறு போனப்புறம் அவுங்களுக்கு வேலை இல்லீங்க."

பின்னால் நின்ற மாணவிகள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் அடுத்ததற்குப் போனார். டிரில், சாக்கடை, சிப்பாய் பெண்டாட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். "குடிகாரன் கையில எதுக்குய்யா புஸ்தகம்?" என்று கேட்டபோது ஹாலே சிரித்தது. "மறைவுன்னு போட்டிருக்கு, தேதி காணோமே?" என்றார். "தெரியலீங்கய்யா" என்றேன்.

"பட்டாளத்தக் கிண்டல் பண்ணினா சும்மாவா விட்டாங்க?" என்று மேடத்திடம் கேட்டார்.

"கடை ஜன்னல்ல மாட்டி விப்பாங்க ஐயா. தெருவுல நின்னு ஜனங்க பாத்துச் சிரிக்கும். கிண்டலுக்கு ஆளான பெரிய மனுஷங்களே சில பேரு வாங்கிட்டுப் போயி வெச்சிக்கிட்டாங்க."

அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ முதுநகர் ஸ்டூடியோவா? முன்னால ஹால்ல எங்கப்பா படம் இருக்கே, அது யாரு பண்ணது?"

"நான்தாங்கய்யா."

"மூக்குக்குப் பக்கத்துல அவருக்கு ஒரு மரு இருக்கும்."

"எடுத்துட்டேங்கய்யா."

"முன்பல்லு ரெண்டு தூக்கிட்டு இருக்கும்."

"உள்ள தள்ளிட்டேங்கய்யா."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. இன்றோடு மேடம் கதையும் என் கதையும் முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"எட்டு வருஷமா தினம் அந்தப் படத்துக்கு மாலை போடறேன். யாரோ ஒருத்தருக்குப் போடற மாதிரியே இருக்கும். எங்கிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்யா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். "அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸ்ல ஹிஸ்டரியும் இருக்கட்டும். இதையெல்லாம் பசங்க பாக்கணும்." மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

5. மரு

மறு வாரம் தாளாளரே கடைக்கு வந்தார், அப்பாவின் மருவைத் திருப்பி வைக்கச் சொல்லி. அவருடைய அப்பாவின் அசல் போட்டோ வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. என் கம்ப்யூட்டரிலோ டச்சப் செய்ததை அசல் மேலேயே சேவ் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகளே, எதைச் செய்தாலும் அசலைத் தனியாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது அந்தப் பெரியவரை என் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்த அன்றுதான்.

"இங்கயாங்கய்யா?" என்று ஒரு புள்ளி வைத்தேன்.

"இல்ல."

"இங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரலைத் தூக்கி, மானிட்டர் பக்கம் போகாமல், காற்றில் எதையோ தொடுவதுபோல் வைத்தார். "சின்ன வயசுல மடியில உக்காந்து அதத்தான்யா திருகிக்கிட்டே இருப்பேன். இவ்ளோ பக்கத்துல. இன்னும் கொஞ்சம் கீழ. பெருசு பண்ணு. இன்னும்." பல்லையும் வெளியே இழுத்தேன். கண்ணைத் திறந்தவர் ஸ்டூலை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "போதும், இவருதான்" என்றார். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அதற்குப் பிறகு ஜாப் ஸ்லிப்பில் வழக்கம்போல என்று எழுத மாமாவை விடவில்லை. எதை எடுக்கக் கூடாது என்று நானே முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். யாரும் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை, உடனே சொல்லிவிடுகிறார்கள்.